வாழ்க்கைக் கதை மாளிகை வாசலோடு முடிந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசுத் தலைவர்களைப் பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் வரும் தொடரை முதல் வாரத்திலிருந்தே விடாமல் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்காக. சென்ற வாரம் கே.ஆர்.நாராயணன். ஓலை வீட்டில் பிறந்தார், நடந்தே பள்ளிக்குப் போனார், லண்டனில் படித்தார், தூதரானார், 1997 ஜூலை 25 அன்று நாட்டின் பத்தாவது குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார் என்று சொல்லிவிட்டு, 2002 வரை அப்பதவியை அலங்கரித்தார் என்ற ஒரே வரியில் கட்டுரையை முடித்திருந்தீர்கள். பேத்தி படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த அஞ்சு வருசமும் என்ன வேல பாத்தாரு அம்மாச்சி?"

அந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறேன். நான் கம்பம் பகுதியில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கட்டுரையில் தவறான தகவல் என்று எதுவும் இல்லை. ஆனால் மலை ஏறியதை மட்டும் சொல்லிவிட்டு, ஏறியவர் உச்சியில் நின்று என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

முதலில் அந்த ஏற்றத்தைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து குமுளி மலை ஏறி இறங்கினால் கோட்டயம் மாவட்டம். அதில் ஒரு சிற்றூர், உழவூர். நாராயணனின் தந்தை நாட்டு வைத்தியர். ஏழு பிள்ளைகளில் இவர் நான்காவது. பரவன் என்ற தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சாதி. பிறந்த நாள் 1920 அக்டோபர் 27 என்று நீங்கள் போட்டிருப்பது ஆவணப்படி சரி. ஆனால் உண்மையான தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கப் போன அன்று அவருடைய மாமா ஒரு தேதியைச் சொல்லி எழுத வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த மாதம் ஜூன்தான். தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது.

அவர் நெல் வயல்களுக்கு நடுவே நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நடந்து படித்தார். கட்டணம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்கக் காசில்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு கிடந்த அண்ணன் நீலகண்டன், மற்ற மாணவர்களிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, கையால் எழுதிப் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். உங்கள் கட்டுரையில் அந்த அண்ணன் இல்லை. நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த அண்ணனின் பேச்சு வரும்போதுதான்.

வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளையைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியும், ஏனென்றால் நான் நிறுத்தியிருக்கிறேன். 1983இல் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில், கட்டணப் பாக்கி வைத்தவர்களின் பட்டியலைக் காலையில் வகுப்பாசிரியர் வாசித்து வெளியே அனுப்ப வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. ஏலத் தோட்டத்துக்கு விடிவதற்கு முன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகும் தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால்தான் எதுவும் நடக்கும். நான் வாசித்தேன், அனுப்பினேன். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு பையன் என் கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நாராயணனின் கதையை முதன்முதலில் படித்தபோது அந்தப் பையனின் முகம்தான் வந்தது, இன்றும் வருகிறது. அந்த விதியை மறுத்துப் பேசும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும்.

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு, டெல்லியில் கொஞ்ச காலம் பத்திரிகை வேலை, ஜே.ஆர்.டி. டாடா தந்த உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளி, அங்கே அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கியிடம் பாடம், 1949இல் வெளியுறவுப் பணி, பர்மியப் பெண்ணான மா டின்ட் டின்ட்டை மணக்க நேருவின் சிறப்பு அனுமதி, ஏறத்தாழ 15 ஆண்டு இந்தியத் தூதர் இல்லாமல் கிடந்த பீஜிங்குக்கு 1976இல் தூதர், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், அமெரிக்கத் தூதர், ஒற்றப்பாலம் தொகுதியில் மூன்று முறை மக்களவை உறுப்பினர், குடியரசுத் துணைத் தலைவர் என்று இவற்றையெல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் 1997க்கு வருகிறேன்.

அந்த ஜூலையில் அவர் பதவியேற்றபோது, நான் பத்தாம் வகுப்புக்கு 'மத்திய அரசு' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முப்படைகளின் தலைமைத் தளபதி, நாடாளுமன்றத்தைக் கூட்டுபவர், மசோதாவுக்கு ஒப்புதல் தருபவர், தூக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் உடையவர் என்று வரிசையாகச் சொல்லி, ஆனால் இவை எல்லாவற்றையும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் செய்ய வேண்டும் என்று முடித்தேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அவர் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டா?" "போட்டுத்தான் ஆகணும்மா" என்றேன். "அப்ப எதுக்கு டீச்சர் அவர்?" வகுப்பு சிரித்தது. நான் மணி அடிப்பதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

நான் சொன்ன பதில் பாதிதான் சரி என்பதை அந்த அக்டோபரில் தெரிந்துகொண்டேன். உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங்கின் பா.ஜ.க. அரசுக்குக் கொடுத்த ஆதரவை மாயாவதி கட்சி விலக்கிக்கொண்டது. 21ஆம் தேதி சட்டமன்றத்தில் மைக்குகளைப் பிடுங்கி எறிந்த கலவரத்துக்கு நடுவே கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கில் வென்றார். மாநில ஆளுநரோ அந்த அரசைக் கலைக்கச் சொன்னார். பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை அரசமைப்பின் 356ஆவது பிரிவின்படி, மாநில அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரப் பரிந்துரைத்தது. 22ஆம் தேதி நாராயணன் அந்தப் பரிந்துரையைக் கையெழுத்திடாமல், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மறுபடி கூடிப் பேசி, பரிந்துரையைக் கைவிட்டது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய், அந்தப் பெண்ணை எழுப்பி, "நான் அன்னைக்குச் சொன்னதுல பாதி தப்பு" என்றேன். பிறகு அரசமைப்பின் 74ஆவது பிரிவைக் கரும்பலகையில் எழுதினேன். 1976இல் கொண்டுவந்த 42ஆவது திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று இறுக்கிக் கட்டியது. 1978இன் 44ஆவது திருத்தம் அந்தக் கட்டில் ஓர் இடத்தைத் தளர்த்தியது: ஆலோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பி, மீண்டும் யோசிக்கச் சொல்லலாம். அவர்கள் யோசித்து அதையே மறுபடி அனுப்பினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'ஒரு முறை' என்ற அந்தச் சிறிய இடத்துக்குள்தான் நாராயணன் நின்றார்.

அவர் ஏன் திருப்பினார் என்பதும் பாடத்தில் வர வேண்டிய விஷயம். ஒரு அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையில் தீர்மானிக்கக் கூடாது, சட்டமன்றத்தில்தான் தீர்மானிக்க வேண்டும் என்று எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லியிருந்தது. அவையில் வென்ற அரசைக் கலைக்கச் சொன்ன கோப்பு அது. அவரைக் குடியரசுத் தலைவராக்கப் பாடுபட்டவர்களில் பலர் அந்த அமைச்சரவையில் இருந்தார்கள். அவர் திருப்பியதால் காப்பாற்றப்பட்டது எதிரணியின் அரசு. நன்றிக்கடன் என்று நினைத்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும்.

சரியாக ஓராண்டுக்குள் கட்சிகள் இடம் மாறின. 1998 செப்டம்பரில், இப்போது மத்தியில் இருந்த பா.ஜ.க.வின் வாஜ்பாய் அமைச்சரவை பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்கப் பரிந்துரைத்தது. அதையும் திருப்பினார். அவர்களும் விட்டுவிட்டார்கள். 1999 பிப்ரவரியில் அங்கே தலித் மக்கள் கொல்லப்பட்ட பிறகு மறுபடி பரிந்துரை வந்தபோது கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் அதை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்ததும் அரசே மார்ச்சில் விலக்கிக்கொண்டது. இதில் எது சரி என்று வாதிடலாம், என் சக ஆசிரியர்கள் அன்று வாதிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம், இரண்டு வெவ்வேறு கட்சிகளின் அரசுகளுக்கும் ஒரே அளவுகோலை அவர் நீட்டினார் என்பது.

நம் ஊர்க்காரர்களுக்கு 1998 மார்ச் நினைவிருக்கும். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மக்களவை. கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கொண்டுவாருங்கள் என்று வாஜ்பாயிடம் நாராயணன் கேட்க, அ.தி.மு.க.வின் கடிதத்துக்காக டெல்லியே காத்திருந்தது. கடிதங்கள் வந்த பிறகு அழைத்தார். பதவியேற்ற பின் அவையில் நம்பிக்கை வாக்குக் கோர வேண்டும் என்றார். ஏன் இவரை அழைக்கிறேன் என்ற காரணத்தை நாட்டுக்குத் தெரியும்படி அறிக்கையாகவே வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே கட்சி ஆதரவை விலக்கியபோதும், அவையில் நிரூபியுங்கள் என்றே சொன்னார். 269க்கு 270. ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. மாற்று அரசு அமைக்க எதிர்த்தரப்புக்கும் வாய்ப்புக் கொடுத்து, அவர்களாலும் எண்ணிக்கையைக் காட்ட முடியாமல் போன பிறகே மக்களவை கலைக்கப்பட்டது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் தொங்கு மன்றத்தில் குடியரசுத் தலைவரின் வேலை என்ன என்பது கண்முன்னே நடந்தது. வருடந்தோறும் நான் நடத்திய பாடம் அதற்குப் பிறகுதான் எனக்கே புரிந்தது.

1998 தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர்கள் பொதுத் தேர்தலில் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பதே வழக்கம். நாராயணன் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்துக்குள் இருந்த வாக்குச் சாவடிக்குப் போய், மனைவியோடு வரிசையில் நின்று வாக்குப் போட்டார். அந்தத் தேர்தலில் எனக்கும் பணி. எங்களை மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஊரில் செல்வாக்குள்ள ஒருவர், தோட்டத்துக் கூலிப் பெண்களுக்குப் பின்னால் நிற்க முடியாது என்று நேரே உள்ளே வந்துவிட்டார். எங்கள் தலைமை வாக்குச் சாவடி அலுவலர் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு செய்தித்தாளில் குடியரசுத் தலைவர் வரிசையில் நிற்கும் படத்தைப் பார்த்தேன். வெகு நாள் அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

குடியரசின் 50ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2000 ஜனவரி 27 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசினார். அரசமைப்பை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஆளுங்கட்சி பேசிக்கொண்டிருந்த நேரம். பிரதமர் வாஜ்பாயும் அமைச்சர்களும் எதிரே உட்கார்ந்திருக்க, அரசமைப்பு நம்மைத் தோற்கச் செய்ததா அல்லது நாம்தான் அரசமைப்பைத் தோற்கச் செய்தோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் பேசியதை இங்கே என் தமிழில் கருத்தாகத் தருகிறேன். இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்று அன்றும் சிலர் கேட்டார்கள். 60ஆவது பிரிவில் உள்ள உறுதிமொழியைப் படித்தால் அந்தக் கேள்வி எழாது. அமைச்சர்கள் அரசமைப்பின்பால் பற்றுறுதியோடு இருப்போம் என்று உறுதி எடுக்கிறார்கள். குடியரசுத் தலைவரோ அதைப் பேணவும் பாதுகாக்கவும் காத்து நிற்கவும், இந்திய மக்களின் பணிக்கும் நலனுக்கும் தம்மை ஒப்படைக்கவும் உறுதி எடுக்கிறார். மாநில அளவில் ஆளுநரின் உறுதிமொழியும் இதே போன்றது. இந்த ஒரு வேறுபாட்டை நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

கேள்வி கேட்காத கையெழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். அமைச்சரவையின் முடிவு எழுத்துப்பூர்வமாக வந்தால்தான் இனிக் கையெழுத்திடலாம் என்று 44ஆவது திருத்தத்தில் சேர்த்ததற்குக் காரணம் அந்த இரவு. அப்போது நான் கல்லூரி மாணவி. காலையில் வானொலியைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

நீங்கள் இதற்கு முன் வெளியிட்ட அப்துல் கலாம் கட்டுரையிலும் இதே குறைதான். ராமேஸ்வரத்தில் செய்தித்தாள் போட்ட சிறுவன், ஏவுகணை, மாணவர்களோடு உரையாடல். எல்லாம் உண்மை, எல்லாம் எனக்கும் பிடித்தவை. ஆனால் 2006இல், ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவை 111ஆவது பிரிவின்படி அவர் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பியதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். இரு அவைகளும் அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பியபோது சட்டப்படி கையெழுத்திட்டார். திருப்பி அனுப்பியதும் கடமை, பிறகு கையெழுத்திட்டதும் கடமை. இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவைப் பற்றி எழுதும்போதும், மயூர்பஞ்ச் மாவட்டக் கிராமத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்த காலத்தில், பழங்குடி மக்களின் நிலத்தைக் காக்கும் இரண்டு பழைய குத்தகைச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்களை, இதனால் பழங்குடியினருக்கு என்ன நன்மை என்று கேட்டு 2017இல் அவர் திருப்பி அனுப்பினார். அது அவருடைய வாழ்க்கை வரலாறு இல்லையா?

இந்த வேலைகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தூரத்து விஷயமும் அல்ல. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் நம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் 176 என்று மதிப்பு இருக்கிறது. எங்கள் கம்பம் தொகுதி உறுப்பினரின் வாக்கும் அதில் சேர்த்திதான். நம் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தால் 201ஆவது பிரிவு வருகிறது. நாடாளுமன்ற மசோதா இரண்டாம் முறை வந்தால் அவர் ஒப்புதல் தந்தாக வேண்டும். மாநில மசோதா இரண்டாம் முறை வந்தாலும் தர வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. நீட் விலக்கு மசோதாவை எதிர்பார்த்து, மருத்துவப் படிப்புக்கு ஏங்கிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வேறுபாட்டின் கனம் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது, அந்த மாளிகைக்குள் கோப்பு எப்படி நகர்கிறது என்பதை மாணவர் பக்கம் விளக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிரிவு எண்கள் சலிப்பாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். 31 ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், இருக்காது. "கோப்பு மேசையில இருக்கு, அமைச்சரவை சொல்லிருச்சு, உங்க மனசு ஒத்துக்கல, இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மதிய உணவு மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். தொடர் முடிவதற்குள் நாராயணனின் அந்த ஐந்து ஆண்டுகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். உத்தரப் பிரதேசக் கோப்பு, பீகார் கோப்பு, வரிசையில் நின்ற வாக்கு, மைய மண்டபப் பேச்சு இவற்றையும், புத்தகம் படியெடுத்துக் கொடுத்த அண்ணனையும் சேருங்கள். பேத்தியின் நோட்டில் அவர் படத்துக்குக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வெளியிட்டால் வெட்டி ஒட்டுவேன். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலை வைத்து நானே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
கம்பம், தேனி மாவட்டம்.